செஸ்டர் ஆர்தர் நெஜமாவே மாறினாரா? லெக்சிங்டன் அவென்யூ தகடு பாத்ததுல இருந்து ஒரு சந்தேகம்

பரமக்குடி ராஜா (கேள்வி):

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா இங்க படிக்க மட்டும்தான் வருவேன், இன்னிக்கு ஒரு விஷயம் கேட்டே ஆகணும்.

போன வாரம் மன்ஹாட்டன்ல லெக்சிங்டன் அவென்யூ 28வது தெரு பக்கம் சாமான் வாங்க போயிருந்தேன். கலுஸ்தியான்ஸ்னு ஒரு பழைய மசாலா கடை, நியூயார்க் நியூஜெர்சி ஆளுங்களுக்கு நல்லா தெரியும், நம்மூர் பருப்பு மசாலா சாமான் எல்லாம் கெடைக்கும். பையத் தூக்கிட்டு வெளிய வரும்போது வாசல் பக்க சுவத்துல ஒரு தகடு கண்ணுல பட்டுச்சு. இத்தன வருஷமா அந்த கடைக்கு போறேன், ஒரு தடவகூட நின்னு படிச்சதில்ல. 1881ல செஸ்டர் ஆலன் ஆர்தர் அமெரிக்க ஜனாதிபதியா பதவிப்பிரமாணம் எடுத்தது இந்த வீட்லதான்னு போட்டிருக்கு. நியூயார்க் சிட்டிக்குள்ள அது நடந்தது ரெண்டே தடவதானாம், 1789ல ஜார்ஜ் வாஷிங்டன், அப்புறம் இவரு. அந்த பேரையே நான் அப்பதான் கேள்விப்படறேன்.

வீட்டுக்கு வந்து தேடித் தேடி படிச்சேன், அங்கதான் குழப்பமே ஆரம்பிச்சுது. 1878ல இவர் நியூயார்க் கஸ்டம்ஸ்ல பெரிய பதவில இருக்கார், கட்சிக்காரங்களுக்கு சர்க்கார் வேலைய பங்கு போடற இடமா ஆபீஸை வெச்சிருக்கார்னு சொல்லி அப்போதைய ஜனாதிபதி ஹேய்ஸ் இவரைத் தூக்கறார். இத்தனைக்கும் ரெண்டு பேரும் ஒரே கட்சி. அஞ்சே வருஷத்துல, 1883 ஜனவரி 16, அதே ஆர்தர் ஜனாதிபதியா உக்காந்து, சர்க்கார் வேலைக்கு பரீட்சை எழுதி பாஸாகி வரணும்னு சொல்ற பெண்டில்டன் சட்டத்துல கையெழுத்து போடறார். இது எப்படி? அந்த மனுசனுக்கு உள்ளுக்குள்ள ஏதாவது நடந்துச்சா, இல்ல வேற வழியில்லாம போட்டாரா?

எங்க வீட்ல பரீட்சை எழுதி சர்க்கார் வேலைக்கு போன மொத ஆளு எங்கப்பா. சிபாரிசுக்கு எங்களுக்கு யாரும் கெடையாது, அந்த பரீட்சை இல்லன்னா நான் இன்னிக்கு இந்த ஊர்ல நின்னு அந்த தகட்ட படிச்சிருக்க மாட்டேன். அதனால இது எனக்கு வெறும் ஜிகே கேள்வி இல்ல. தெரிஞ்சவங்க விவரமா சொல்லுங்க.

துறைமுகம் சேகர்:

ராஜா தம்பி, நான் சென்னை ஹார்பர்ல 22 வருஷமா கஸ்டம்ஸ் கிளியரன்ஸ் வேலைல இருக்கேன், அதனால ஆர்தர் கதைல மத்தவங்க வேகமா தாண்டிப் போற அந்த கஸ்டம் ஹவுஸ் பகுதிதான் எனக்கு ரொம்ப நெருக்கம். அத புரிஞ்சுக்காம அவரு மாறினாரா இல்லையான்னு பேசறதுல பிரயோஜனம் இல்ல.

அப்ப அமெரிக்காவுல வருமான வரி கெடையாது, சிவில் வார் சமயத்துல போட்டத 1872ல எடுத்துட்டாங்க. மத்திய சர்க்காருக்கு பெரிய வரும்படி இறக்குமதி டியூட்டிதான், அதுல பாதிக்கு மேல நியூயார்க் துறைமுகத்துல மட்டும் வசூலாகும். அப்ப அங்க கலெக்டர்னா (நம்ம ஜில்லா கலெக்டர் இல்ல, துறைமுகத்து தலைமை அதிகாரி) எவ்ளோ பெரிய ஆளுன்னு யோசிச்சுக்கோங்க. 1871ல ஜனாதிபதி கிராண்ட் ஆர்தரை அந்த நாற்காலில உக்கார வெச்சார். பின்னாடி இருந்தது ராஸ்கோ கான்க்ளிங்னு நியூயார்க் செனட்டர், அந்த மாகாணத்து ரிபப்ளிகன் கட்சியே அவர் சட்டைப்பைல.

ஆர்தர் கைல கிட்டத்தட்ட ஆயிரம் வேலை. கட்சிக்கு ஓட்டு சேத்தவன், கூட்டம் கூட்டினவன், இன்னாரோட மச்சான், இப்படித்தான் போஸ்டிங். சம்பளத்துல ஒரு பங்கு கட்சிக்கு கட்டணும், அசெஸ்மெண்ட்னு பேரு, நன்கொடைதான்னு சொல்லிக்குவாங்க ஆனா கட்டாதவன் நாற்காலி நிக்காது. தேர்தல் வந்தா ஆபீஸே தேர்தல் வேலைக்கு போயிடும். ஆர்தரே மத்தியானம் ஒரு மணிவாக்குலதான் ஆபீஸுக்கு வருவார், ராத்திரியெல்லாம் கட்சி ஆளுங்களோட உக்காந்து சுருட்டும் விருந்துமா விடிய விடிய பேச்சு.

இதவிட மோசம் மோய்ட்டின்னு ஒண்ணு. இறக்குமதி பண்றவன் இன்வாய்ஸ்ல மதிப்ப கொறச்சு காட்டி மாட்டினா, வர்ற அபராதத்துல பாதி கஜானாவுக்கு, மீதிய துப்பு குடுத்தவனும் கலெக்டரும் இன்னும் ரெண்டு அதிகாரியும் பிரிச்சுக்கலாம், இது லஞ்சம் இல்ல, சட்டமே அப்படித்தான் இருந்துச்சு! ஃபெல்ப்ஸ் டாட்ஜ்னு ஒரு உலோக கம்பெனி, அவங்க இன்வாய்ஸ்ல மதிப்பு வித்தியாசம் வந்தது கொஞ்சம்தான், ஆனா தப்பு இருக்கற இன்வாய்ஸ்ல உள்ள மொத்த சரக்கையும் பறிமுதல் பண்ணலாம்னு சட்டம் இருந்ததால கடைசில 2,71,000 டாலர் கட்டி வெளிய வந்தாங்க. எங்க தொழில்ல இருக்கறவனுக்கு அந்த கணக்க படிச்சா வயித்தக் கலக்கும். இந்த பங்குல ஆர்தருக்கு வருஷத்துக்கு 50,000 டாலருக்கு மேல வந்துச்சு. ஊரே கொந்தளிச்சதும் 1874ல மோய்ட்டிய எடுத்துட்டு கலெக்டருக்கு 12,000 டாலர் சம்பளம்னு முடிச்சுட்டாங்க.

ஒண்ணு நேர்மையா சொல்லணும். கஜானா பணத்த அவரே கைய வெச்சு எடுத்தார்னு யாரும் நிரூபிக்கல. 1877ல ஹேய்ஸ் போட்ட ஜே கமிஷன் விசாரிச்சதும், ஆள் அதிகம், அரசியல் அதிகம், 20 சதவீதம் ஆள கொறைக்கலாம்னுதான் சொல்லுச்சு. அந்த ஏற்பாட்ட கேள்வி கேக்காம நல்லா ஓட்டின ஆளு அவரு. அந்த மெஷின்ல எந்த பல்சக்கரம் எங்க சுத்துதுன்னு அவர் அளவுக்கு தெரிஞ்ச ஜனாதிபதி வேற யாரும் இல்லன்னு நான் நெனைக்கறேன்.

கவிதா டீச்சர்:

சேகர் அண்ணா கஸ்டம்ஸ் பகுதிய இவ்ளோ தெளிவா யாரும் சொல்லி நான் படிச்சதில்ல, நன்றி. அதுக்கப்புறம் நடந்தத நான் சொல்றேன் ராஜா, கொஞ்சம் நீளமாதான் வரும்.

1880 சிகாகோ மாநாட்டுல ரிபப்ளிகன் கட்சி ரெண்டா நிக்குது. கான்க்ளிங் கோஷ்டிக்கு ஸ்டால்வார்ட்னு பேரு, எதிர்ல ஜேம்ஸ் பிளெய்ன் கோஷ்டி. 36 ரவுண்டு ஓட்டு போட்டு ரெண்டு பக்கமும் இல்லாத கார்ஃபீல்டு வேட்பாளர் ஆகறார். ஸ்டால்வார்ட் ஆளுங்கள சமாதானப்படுத்த துணை ஜனாதிபதி சீட்டு ஆர்தருக்கு. கான்க்ளிங் வேண்டாம்னு சொல்லச் சொன்னார், ஆர்தர் கேக்கல. தலைவர் பேச்ச மீறினது அனேகமா அதான் மொத தடவ. அந்த வருஷம் ஜனவரிலதான் அவர் மனைவி எலன் நிமோனியால போயிருந்தாங்க, இவர் கட்சி வேலைன்னு மாகாணத் தலைநகர் ஆல்பனில இருந்தப்ப அங்க வீட்ல அவங்களுக்கு முத்திப்போச்சு, அந்த உறுத்தல் கடைசி வரைக்கும் அவர விடல. பிற்பாடு வெள்ளை மாளிகைல அவங்க படத்துக்கு முன்னாடி தினமும் புதுப்பூ வைக்கச் சொல்லியிருந்தார்.

ஆனா துணை ஜனாதிபதி ஆனப்புறமும் ஆளு திருந்தல, அத மறைக்கக் கூடாது. நியூயார்க் கஸ்டம்ஸுக்கு கார்ஃபீல்டு தன் ஆள் ராபர்ட்சன போட்டதும் கான்க்ளிங் கோவத்துல 1881 மே மாசம் செனட்டர் பதவியையே ராஜினாமா பண்ணார், மாகாண சட்டசபைல தன்னையே மறுபடி தேர்ந்தெடுத்து அனுப்புவாங்கன்னு ஒரு கணக்கு. அதுக்கு ஆல்பனில போய் ஆள் பிடிச்சவங்கள்ல ஆர்தரும் ஒருத்தர். நாட்டோட துணை ஜனாதிபதி, தன் ஜனாதிபதிக்கு எதிரா! ஜூலை 2 காலைல ஆர்தரும் கான்க்ளிங்கும் ஒண்ணா கப்பல்ல நியூயார்க் வந்து எறங்கறாங்க, வாஷிங்டன் ரயில்வே ஸ்டேஷன்ல கார்ஃபீல்ட சுட்டுட்டாங்கன்னு தகவல் வருது. சுட்டவன் சார்லஸ் கிட்டோ, வேலை கேட்டு அலைஞ்சு கெடைக்காத ஒருத்தன், மனநிலையும் சரியில்ல. பிடிபட்டப்ப அவன் சொன்னது, நான் ஸ்டால்வார்ட், இனி ஆர்தர்தான் ஜனாதிபதின்னு. அந்த ஒரு வாக்கியத்த கேட்டதும் ஊர் ஜனம் ஆர்தரை எப்படி பாத்திருக்கும்னு நெனச்சு பாருங்க. கார்ஃபீல்டு 79 நாள் படுக்கைல கெடந்தார், டாக்டருங்க கழுவாத விரல காயத்துல விட்டு விட்டு குண்டத் தேடினாங்க. அந்த நாட்கள்ல ஆர்தர் லெக்சிங்டன் அவென்யூ வீட்ட விட்டு அதிகம் வெளிய வரல, அழுதுட்டு இருந்தத பாத்தவங்க இருக்காங்க.

அப்பதான் ஒரு கடிதம் வருது. 1881 ஆகஸ்ட் 27 தேதி போட்டது. எழுதினது ஜூலியா சேண்ட், நியூயார்க்லயே இருந்த 31 வயசு பொண்ணு, உடம்பு சரியில்லாம வீட்டோட இருந்தவங்க, அவருக்கு முன்னப்பின்ன தெரியாதவங்க. அந்த கடிதத்தோட சாரம்: உங்கள யாருக்கும் பிடிக்கல, நீங்க ஜனாதிபதி ஆயிடுவீங்களேன்னு நாடே பயப்படுது, ஆனா ஆபத்து காலத்துலதான் மனுசனுக்குள்ள இருக்கற நல்ல குணம் எழுந்து வரும், உங்ககிட்ட ஒரு பொறி இருந்தா இப்ப காட்டுங்க. பதவி நாற்காலிக்கு பக்கத்துல இருக்கற ஒருத்தருக்கு இப்படி எழுத எவ்ளோ தைரியம் வேணும்! மொத்தம் 23 கடிதம், 1883 வரைக்கும். சீனத் தொழிலாளர்கள உள்ள விடாம தடுக்கற மசோதா பத்தி, யார மந்திரியா போடணும்ங்கறது பத்தி, அவர் சோம்பேறித்தனம் பத்தி, எல்லாத்துக்கும் திட்டும் உண்டு பாராட்டும் உண்டு. 1882 ஆகஸ்ட் 20 அவர் சொல்லாம கொள்ளாம அவங்க வீட்டு வாசல்ல வந்து எறங்கி கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் உக்காந்து பேசிட்டு போனார். ஆர்தர் சாகறதுக்கு முன்னாடி தன் காகிதம் எல்லாத்தையும் எரிக்கச் சொல்லி எரிச்சாங்க, ஆனா இந்த கடிதங்க குடும்பத்துகிட்ட தப்பிச்சு இருந்துச்சு, 1958லதான் வெளிய வந்துச்சு.

இன்னொண்ணு. செப்டம்பர் 19 ராத்திரி கார்ஃபீல்டு போனதும், 20ம் தேதி விடிகாலை ரெண்டேகால் மணிவாக்குல அந்த வீட்ல ஜட்ஜ் பிராடிய கூட்டிட்டு வந்து பதவி ஏத்துக்கிட்டார். அப்ப துணை ஜனாதிபதி கெடையாது, செனட் தலைவரும் கெடையாது, சபாநாயகரும் கெடையாது. இவருக்கு ஏதாவது ஆனா அடுத்து யாருன்னே இல்ல. அதனால செனட் கூடி ஒரு தலைவர தேர்ந்தெடுக்கட்டும்னு, செனட்டைக் கூட்டற அறிக்கைய எழுதி, வெள்ளை மாளிகைக்கு தன் பேருக்கே தபால்ல போட்டுட்டுதான் வாஷிங்டன் கெளம்பினார். வழில செத்தாலும் கடிதம் போய் சேரட்டும்னு.

நெல்லை மணி:

டீச்சர் சொன்னது மனசத் தொடுது, ஆனா கடிதத்தால ஆட்சி மாறுச்சுன்னு என்னால ஒத்துக்க முடியல. தேதிகள வரிசையா வெச்சு பாருங்க.

1881 டிசம்பர்ல காங்கிரசுக்கு அனுப்பின மொத செய்திலயே பரீட்சை முறை மேல தனக்கு சந்தேகம் இருக்குன்னுதான் ஆர்தர் எழுதினார், நீங்க சட்டம் போட்டா நான் எடுத்து நடத்தறேன்னு ஒரு வால். அடுத்த வருஷம் பூரா மசோதா நகரல. 1882 நவம்பர் தேர்தல்ல ரிபப்ளிகன் கட்சிக்கு செம அடி, கீழ்சபை கையவிட்டு போச்சு. கார்ஃபீல்டு செத்ததுக்கு இந்த வேலை பங்கு போடற பழக்கம்தான் காரணம்னு ஜனங்க கோவம் ஓட்டுப்பெட்டில தெரிஞ்சுது. உடனே டிசம்பர்ல ஆர்தர் முழு ஆதரவு, டிசம்பர் 27 செனட்ல 38க்கு 5, ஜனவரி 4 கீழ்சபைல 155க்கு 47. ஒரு வருஷமா தூங்கின மசோதா ரெண்டு மாசத்துல பறந்துச்சு! 1884ல டெமாக்ரட் ஜனாதிபதி வந்துடுவான், அதுக்குள்ள நம்ம ஆளுங்க நாற்காலிய சட்டத்தால பூட்டி வெச்சுடுவோம்ங்கற கணக்கும் அதுல இருந்துச்சு. மசோதா கொண்டு வந்த பெண்டில்டன் ஒஹையோ டெமாக்ரட், அவர் கட்சி ஆளுங்களே அதுக்காக அவர் மேல கடுப்பானாங்க, அடுத்த தடவ அவருக்கு செனட் சீட்டே கெடைக்கல. உண்மைல விலை குடுத்தது அவருதான்.

அப்புறம் சட்டம் தொட்டது மொத்த வேலைல பத்துல ஒரு பங்குதான், மிச்சம் 90 சதவீதம் பழையபடியே.

துறைமுகம் சேகர்:

மணி, அந்த பத்துல ஒரு பங்கு எதுன்னு பாக்கணும்ல. வாஷிங்டன் ஆபீஸ் குமாஸ்தாக்கள், அப்புறம் 50 பேரோ அதுக்கு மேலயோ வேலை செய்யற கஸ்டம் ஹவுஸ், போஸ்ட் ஆபீஸ். அதாவது ஆர்தர் ஏழு வருஷம் உக்காந்திருந்த அதே ஆபீஸ். சம்பளத்துல கட்சிக்கு பங்கு கேட்டு வசூல் பண்றதும் குற்றம்னு ஆச்சு. சாதாரணமா பேருக்கு ஒரு கமிஷன் போட்டு செல்லப்பிள்ளை ஒருத்தர உக்கார வெச்சுட்டு போயிருக்கலாம், ஆனா அவர் தலைவரா போட்டது டோர்மன் ஈட்டன். அந்த சட்டத்த எழுதிக் குடுத்ததே ஈட்டன்தான், இங்கிலாந்து போய் அங்க பரீட்சை முறை எப்படி நடக்குதுன்னு பாத்து எழுதினவர். அப்புறம் சட்டத்துலயே ஜனாதிபதி கையெழுத்துல பட்டியல நீட்டிக்கலாம்னு இருந்துச்சு, பதவி விட்டு போற ஒவ்வொருத்தரும் தன் ஆளுங்கள காப்பாத்த பட்டியல நீட்ட நீட்ட, சுயநலத்துலயே அது பெருசாச்சு.

இன்னொரு சங்கதி, ராஜா அப்பா கதைக்கு இது நேரடி சம்பந்தம். இந்த பரீட்சை முறைய பெரிய அளவுல வெள்ளைக்காரன் மொதல்ல ஆரம்பிச்சது இந்தியா உத்தியோகத்துக்குத்தான். 1853 சாசன சட்டத்துல கிழக்கிந்திய கம்பெனி டைரக்டருங்க ஆள் நியமிக்கற உரிமைய பறிச்சு, 1855ல லண்டன்ல மொத பரீட்சை வெச்சாங்க. அத பாத்து பிரிட்டன்ல உள்நாட்டு உத்தியோகத்துக்கும் வந்து, அத பாத்துட்டு வந்து ஈட்டன் அமெரிக்காவுக்கு எழுதினார். உங்கப்பா எழுதின பரீட்சையும் ஆர்தர் கையெழுத்து போட்ட பரீட்சையும் ஒரே வேர்ல வந்தது தம்பி.

கவிதா டீச்சர்:

மணி சொன்ன தேதி எல்லாம் சரி, நான் மறுக்கல. ஆனா சட்டம் வர்றதுக்கு முன்னாடியே நடந்த ரெண்டு விஷயத்த அவர் விட்டுட்டார், எனக்கு சாட்சி அதான்.

ஒண்ணு, 1881 அக்டோபர். கான்க்ளிங் வாஷிங்டன் வந்து, அந்த ராபர்ட்சன தூக்கிட்டு கஸ்டம்ஸ்ல நம்ம ஆள போடுன்னு கேக்கறார். பத்து வருஷமா சோறு போட்ட தலைவர், கேட்டத செய்ய ஒரே ஒரு கையெழுத்து போதும், ஆர்தர் முடியாதுன்னுட்டார். கார்ஃபீல்டு எடுத்த முடிவ மாத்த எனக்கு தார்மீக உரிமை இல்லன்னு நின்னுட்டார். அதோட அவங்க உறவே முறிஞ்சுது. அப்புறம் 1882ல சுப்ரீம் கோர்ட் ஜட்ஜ் பதவி குடுத்து பாத்தார், செனட் ஒத்துக்கிட்டப்புறமும் கான்க்ளிங் வேண்டாம்னுட்டார். அப்ப தேர்தல் தோல்வி எதுவும் வரல மணி, யாரும் அவர நெருக்கல.

ரெண்டாவது, தபால் ஊழல். மேற்கு பக்கம் தபால் எடுத்துட்டு போற ரூட்டுகளுக்கு காண்ட்ராக்ட், ஸ்டார் ரூட்னு பேரு, அதுல பல லட்சம் டாலர் கொள்ள. குற்றவாளிக் கூண்டுல நின்னது ஸ்டீபன் டார்சி, கட்சியோட செயலாளர், 1880 தேர்தல்ல இண்டியானா மாகாணத்த ஜெயிச்சுக் குடுத்தவர். 1881 பிப்ரவரில நியூயார்க் டெல்மோனிகோஸ் ஹோட்டல்ல இதே டார்சிக்கு நடந்த பாராட்டு விருந்துல ஆர்தர் எழுந்து, இண்டியானாவ எப்படி ஜெயிச்சோம்னு பத்திரிகைக்காரங்க இருக்கறதால முழுசா சொல்ல முடியலன்னு பணத்த ஜாடையா சொல்லி சிரிக்க வெச்சார். அந்த ஆள் மேலதான் ஆர்தர் சர்க்கார் ரெண்டு தடவ கேஸ் நடத்துச்சு. 1883ல ஜூரி விடுதலை பண்ணிடுச்சு, அது தோல்விதான், எனக்கும் வருத்தம்தான். ஆனா அமுக்கியிருக்கலாம், அமுக்கல.

ஃபாத்திமா ரஹ்மான்:

எல்லாரும் 1870ல இருந்து ஆரம்பிக்கறீங்க, அதுக்கு முன்னாடி இருந்த ஆர்தரையும் பாருங்களேன். அப்பா வில்லியம் அயர்லாந்துல இருந்து வந்த பாப்டிஸ்ட் பாதிரியார், அடிமை முறைய எதிர்த்து பிரசங்கம் பண்ணி ஊர் ஊரா வேலைய இழந்தவர். 1854ல நியூயார்க்ல எலிசபெத் ஜென்னிங்ஸ்னு ஒரு கறுப்பின டீச்சர், சர்ச்சுக்கு ஆர்கன் வாசிக்க அவசரமா போறவங்கள குதிரை டிராம்ல இருந்து இழுத்து தள்ளிட்டாங்க. அவங்களுக்காக வாதாடினது அப்பதான் வக்கீலான 25 வயசு ஆர்தர். 1855ல கேஸ் ஜெயிச்சு 225 டாலர் நஷ்ட ஈடு, அடுத்த பத்து வருஷத்துல அந்த ஊர் டிராம்கள்ல நிற பேதம் போச்சு. 1955ல பஸ்ல சீட்ட விட மறுத்த ரோசா பார்க்ஸுக்கு நூறு வருஷம் முன்னாடி. அதனால புதுசா ஒரு ஆளா மாறினார்னு எனக்கு தோணல, நடுவுல கட்சியும் வசதியும் சேந்து மூடி வெச்ச பழைய ஆளு திரும்பி வந்திருக்கார்.

ஆனா ஒண்ணு என்னால மன்னிக்க முடியாது. 1882 ஏப்ரல்ல சீனத் தொழிலாளர்கள 20 வருஷம் உள்ள விடக்கூடாதுன்னு வந்த மசோதாவ வீட்டோ பண்ணார், சீனாவோட போட்ட ஒப்பந்தத்துக்கு எதிரானதுன்னு சரியாத்தான் சொன்னார். ஒரே மாசம், 20 வருஷத்த 10 ஆக்கி கொண்டு வந்தாங்க, மே 6 கையெழுத்து போட்டுட்டார். அந்த 10 வருஷம் நீட்டிக்கிட்டே போய் 1943 வரைக்கும் இருந்துச்சு. எத்தன குடும்பம் கடலுக்கு ரெண்டு பக்கமும் பிரிஞ்சு கெடந்துச்சு. ஒரு டீச்சர டிராம்ல ஏத்த கோர்ட்ல நின்ன அதே கை போட்ட கையெழுத்து அது.

நெல்லை மணி:

ஃபாத்திமா சொன்னது நியாயம். டீச்சர் சொன்ன அக்டோபர் 1881 விஷயத்த நான் சரியா கவனிக்கல, அது என் கணக்குல பொருந்தல, ஒத்துக்கறேன். ஆனா சட்டத்துக்கு தேர்தல் அடிதான் காரணம்ங்கறதுல மாறல.

அவர் உடம்பையும் சேத்துக்கங்க. 1882லயே சிறுநீரக நோய், அப்ப பிரைட்ஸ் நோய்னு சொல்லுவாங்க, மருந்து கெடையாது. பத்திரிகைல செய்தி வந்தப்பவும் இல்லன்னு மறுத்தாங்க. 1884 மாநாட்டுல பேருக்கு நின்னார், பிளெய்ன்கிட்ட தோத்தார். 1886 நவம்பர் 18 செத்துட்டார், வயசு 57தான். அடுத்த தேர்தல் நமக்கு இல்லன்னு உள்ளுக்குள்ள தெரிஞ்ச மனுசன் கட்சி கடன் எதுக்கு அடைக்கணும்? இது என் ஊகம்தான், ஊகமாவே எடுத்துக்கங்க.

பரமக்குடி ராஜா:

எல்லாருக்கும் ரொம்ப ரொம்ப நன்றி. ராத்திரி ஒரு மணி வரைக்கும் உக்காந்து ரெண்டு தடவ படிச்சேன். சேகர் அண்ணா சொன்ன 1855 லண்டன் பரீட்சை விஷயத்த அப்பாவுக்கு போன்ல படிச்சு காட்டினேன், கொஞ்ச நேரம் பேசவே இல்ல, அப்புறம் அந்த சட்டத்துல மார்க் எப்படி போட்டாங்கன்னு கேட்டார். அது எனக்கு தெரியல.

கான்க்ளிங்க விட்டு வெளிய வந்ததுதான் எனக்கு பெருசா தெரியுது. கையெழுத்துக்கு ஆயிரம் காரணம் இருக்கலாம், ஆனா வளத்து விட்டவர் வீட்டுக்கு வந்து நேர்ல கேக்கும்போது முடியாதுன்னு சொல்றது இருக்கே, எங்க குடும்பத்துலயே அத செய்ய முடியாம போனவங்கள எனக்கு தெரியும். அந்த தகட்ட இன்னொரு தடவ பொறுமையா பாக்கணும், வர்ற ஞாயித்துக்கிழமை பையனையும் கூட்டிட்டு போறேன்.

கவிதா டீச்சர்:

போறதுன்னா ராஜா, கடையோட நிக்காதீங்க. அங்க இருந்து மேற்கால ரெண்டு பிளாக், தெற்கால ரெண்டு மூணு பிளாக் நடந்தா மேடிசன் ஸ்கொயர் பார்க். வடகிழக்கு மூலைல ஆர்தர் சிலை இருக்கு, பெரிய மீசையும் கிருதாவுமா நிப்பார். அப்படியே தெற்க நடந்து தென்கிழக்கு மூலைக்கு வாங்க, அங்க கான்க்ளிங் சிலை. ரெண்டு பேரும் ஒரே பார்க்ல, கிழக்கு பக்கத்தோட ரெண்டு மூலைல. பையனுக்கு ரெண்டையும் காட்டுங்க.